வெளிவராத கணினி விளையாட்டுக்கு வரலாறு எழுதும்போது எதை ஆதாரமாகக் கொள்வது?

நிரல்நேயன் கேட்டது:

நண்பர்களுக்கு வணக்கம். அறிவிப்பு வந்து, இதழ்களில் முழுப்பக்க விளம்பரமும் வந்து, கடைக்கு மட்டும் கடைசிவரை வராமற்போன 1980, 90களின் கணினி விளையாட்டுகளைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரைத் தொடர் எழுதத் தொடங்கியிருக்கிறேன். முதற்கட்டுரைக்கு, இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் 1982-இல் தொடங்கப்பட்ட இமேஜின் சாப்ட்வேர் நிறுவனத்தின் 'பேண்டர்ஸ்னாட்ச்' விளையாட்டை எடுத்துக்கொண்டேன். எடுத்த இடத்திலேயே முடங்கிக் கிடக்கிறேன்.

இதுவரை சேர்ந்த செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். 1984-இல் அந்நிறுவனம் 'மெகாகேம்' என்ற பெயரில் 'பேண்டர்ஸ்னாட்ச்', 'சைக்லாப்ஸ்' ஆகிய இரண்டையும் விளம்பரம் செய்தது. விளம்பரத்தில் விளையாட்டின் திரைக்காட்சி கிடையாது. நிரலாளர்களின் முகங்கள்தாம் இருந்தன. சின்கிளேர் நிறுவனத்தின் வீட்டுக்கணினியான ஸ்பெக்ட்ரமுக்கு வழக்கமான விளையாட்டு ஐந்தரைப் பவுண்டுக்கு விற்ற காலத்தில் இவற்றுக்குச் சுமார் 40 பவுண்டு விலை பேசப்பட்டது. கணினியின் பின்புறம் செருக வேண்டிய ஒரு கூடுதல் வன்பொருளும் சேர்ந்து வரும் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 1984 ஜூலை 9 அன்று நிறுவனத்தைக் கலைக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. விளையாட்டு வரவே இல்லை.

ஓர் இணையதளம் 'பேண்டர்ஸ்னாட்ச்' என்ற விளையாட்டே இருந்ததில்லை என்கிறது. மற்றொன்று பாதி முடிந்திருந்தது என்கிறது. மூன்றாவது, அது 'பிரட்டாக்கஸ்' என்ற பெயரில் வெளிவந்துவிட்டது என்கிறது. இவற்றில் எதை எழுதுவது? விளையாடிப் பார்க்க ஒரு பிரதிகூட இல்லாதபோது அதற்கு வரலாறு என்று ஒன்றை எழுதுவது முறையா? அபூர்வமாகச் சில விளையாட்டுகள் பல்லாண்டு கழித்துக் கண்டெடுக்கப்படுகின்றனவே, அவற்றை எந்த அளவுக்கு நம்பலாம்?

பழைய இதழ் எழுதியது:

நிரல்நேயன் அவர்களுக்கு, நீங்கள் பார்த்த மூன்று தளங்களும் ஒன்றையொன்று மறுப்பதுபோல் தோன்றினாலும், சிக்கல் 'இருந்தது' என்ற ஒரே சொல்லை மூன்றும் மூன்று பொருளில் ஆள்வதில்தான் இருக்கிறது. ஒரு விளையாட்டு பெயராக மட்டும் இருந்திருக்கலாம். சில மாத உழைப்பாக இருந்திருக்கலாம். முடிந்து பெட்டிக்குள் போகும் நிலையிலும் இருந்திருக்கலாம்.

பெயராக மட்டும் இருந்ததற்கு அல்டிமேட் நிறுவனத்தின் 'மயர் மேர்' நல்ல சான்று. 1984-இல் வந்த 'அண்டர்வேர்ல்டு' விளையாட்டை முடிப்பவருக்கு மூன்று வாசல்கள் உண்டு. அவற்றில் இரண்டு 'நைட் லோர்', 'பென்டகிராம்' என்ற பின்னாளைய விளையாட்டுகளைக் குறித்தன, இரண்டும் வெளிவந்தன. மூன்றாவது வாசல் 'மயர் மேர்'. அது இன்றுவரை வரவில்லை. அதைத் தேடி அலைந்தவர்கள் ஏராளம், ஆனால் தேடுவதற்கு அங்கே ஒரு நிரல் எழுதப்பட்டதா என்பதே முதலில் நிறுவப்பட வேண்டியது. மறுமுனையில் பிளிசார்டு நிறுவனத்தின் 'வார்கிராப்ட் அட்வென்ச்சர்ஸ்' இருக்கிறது. 1998 மே மாதம் அது கைவிடப்பட்டபோது, ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வரையப்பட்ட அசைவுப்படக் காட்சிகள் உட்படப் பெரும்பகுதி முடிந்திருந்தது. 2016-இல் ஒரு பிரதி இணையத்தில் கசிந்தபோது, தொடக்கம் முதல் முடிவுவரை விளையாடவே முடிந்தது. இவ்விரண்டையும் 'ரத்தான விளையாட்டு' என்ற ஒரே கூடையில் போட்டுவிட்டு, அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

ஸ்பெக்ட்ரம் விளையாட்டுகளுக்காக 1995-இல் தொடங்கப்பட்ட 'வேர்ல்டு ஆஃப் ஸ்பெக்ட்ரம்' தளம் இதில் ஒரு நல்ல பழக்கத்தை வைத்திருந்தது. விற்பனைக்கு வந்ததாகத் தெரிந்தும் பிரதி கிடைக்காதவற்றைக் 'காணாமற்போனவை' என்றும், விற்பனைக்கே வராதவற்றை 'வெளியிடப்படாதவை' என்றும் தனித்தனியே குறித்தது. முதல் வகையில் யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் ஒரு கேசட் கிடக்க வாய்ப்புண்டு. இரண்டாம் வகையில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. எழுதிய நிரலாளரிடமோ நிறுவனத்திடமோதான் தேட வேண்டும். தேடும் இடமே மாறிவிடுவதால் இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று.

'பேண்டர்ஸ்னாட்ச்' விஷயத்துக்கு வருகிறேன். விளம்பரம் என்பது விளம்பரம் வந்ததற்கு ஆதாரமே ஒழிய, விளையாட்டு இருந்ததற்கு ஆதாரம் ஆகாது. திரைக்காட்சி இல்லாமல் முகங்களை மட்டும் அச்சிட்ட விளம்பரமே உங்களுக்கு ஒரு செய்தியைச் சொல்லிவிட்டது. இதைவிட வலுவான ஆவணம் ஒன்று உண்டு: பிபிசியின் 'கமர்ஷியல் பிரேக்ஸ்' தொடரில் 1984 டிசம்பரில் ஒளிபரப்பான நிகழ்ச்சி. மென்பொருள் தொழிலின் எழுச்சியைப் படமெடுக்க இமேஜின் அலுவலகத்துக்குப் போன படக்குழு, கடன்காரர்கள் சார்பில் பொருள்களைக் கைப்பற்ற ஆட்கள் வந்து நின்ற காட்சியைப் படமெடுத்துக்கொண்டு திரும்பியது. ஒரு நிறுவனம் மூழ்கும் நாளில் தற்செயலாக ஒரு படக்கருவி உள்ளே இருப்பது எவ்வளவு அபூர்வம் என்று எண்ணிப் பாருங்கள். வெளிவராத விளையாட்டின் வரலாற்றுக்கு இதைப் போன்ற சான்று வேறு எதற்கும் வாய்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

கூடுதல் வன்பொருளைப் பற்றி நீங்கள் எழுதும்போது இரண்டு காரணங்களையும் சேர்த்து எழுதுங்கள். 48 கிலோபைட் நினைவகத்துக்குள் அடங்காத விளையாட்டு என்பது ஒன்று. இரண்டு கேசட் ரெக்கார்டரும் ஒரு வயரும் இருந்தால் எந்த விளையாட்டையும் படியெடுத்துவிடலாம் என்ற நிலையைத் தடுப்பது மற்றொன்று. இரண்டாவதுதான் நிறுவனத்தை அதிகம் ஈர்த்திருக்கும் என்பது என் ஊகம். ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

'பிரட்டாக்கஸ்' பற்றி: இமேஜினில் இருந்த சிலர் அந்நிறுவனம் வீழ்ந்தபின் தொடர்ந்து உழைத்தார்கள், சின்கிளேர் நிறுவனத்தின் கியூஎல் கணினிக்கு 'பேண்டர்ஸ்னாட்ச்' விளையாட்டைக் கொண்டுவரும் முயற்சி நடந்தது, அவர்களுள் டேவிட் லாசன், இயன் ஹெதரிங்டன் முதலியோர் தொடங்கிய சிக்னோசிஸ் நிறுவனத்தின் முதல் வெளியீடாக அடாரி எஸ்டி, அமிகா, மெக்கின்டாஷ் கணினிகளுக்கு 'பிரட்டாக்கஸ்' வந்தது. ஆகவே அது வழித்தோன்றல். ஆனால் வன்பொருளைச் செருகிய ஸ்பெக்ட்ரமில் ஓடியிருக்க வேண்டிய ஒன்றை, 68000 என்ற வேறுவகைச் செயலி கொண்ட கணினியில் ஓடியதோடு ஒன்றாக்கி, 'பெயர் மாற்றி வெளிவந்தது' என்று எழுதுவது தவறு என்பேன். 'சைக்லாப்ஸ்' இன்னும் பின்தங்கிய நிலை. பிற்காலத்தில் சொல்லப்பட்டவற்றைக் கொண்டு பார்த்தால், அது காகிதத்தில் இருந்த எண்ணங்களைப் பெரிதாகத் தாண்டவில்லை.

காந்தநாடா எழுதியது:

கண்டெடுக்கப்படும் விளையாட்டுகளை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்விக்கு, அவை எப்படிப் படிக்கப்பட்டன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். என் அனுபவத்தில் நடந்த ஒரு மடத்தனத்தை முதலில் சொல்கிறேன். மாணவப் பருவத்தில் பழைய மெக்கின்டாஷ் ஒன்றில் நான் எழுதிய நிரல்கள் 800 கிலோபைட் பிளாப்பிகள் சிலவற்றில் இருந்தன. பல ஆண்டுகள் கழித்து அவற்றில் ஒன்றைச் சாதாரண விண்டோஸ் கணினியில் இட்டேன். 'வட்டு ஃபார்மேட் செய்யப்படவில்லை, இப்போது செய்யவா?' என்று அது கேட்டது. 'ஆம்' என்று அழுத்திவிட்டேன். அந்தக் காலத்து மெக்கின்டாஷ், தடங்களின் தொகுதிக்குத் தொகுதி வட்டின் சுழல்வேகத்தை மாற்றி எழுதும். மற்ற கணினிகளின் வட்டு இயக்கிக்கு அது வெற்று வட்டாகத்தான் தெரியும். என் நிரல்கள் போனதில் உலகுக்கு நட்டமில்லை, ஆனால் அதே இடத்தில் வெளிவராத ஒரு விளையாட்டின் ஒரே பிரதி இருந்திருக்கலாம்.

எனவே எழுதுதடையை இட்ட பிறகே வட்டைத் தொட வேண்டும். மூன்றரை அங்குல வட்டில் மூலையில் உள்ள துளை திறந்திருந்தால் எழுத முடியாது. ஐந்தேகால் அங்குல வட்டில் அதற்கு நேர்மாறாக, ஓரத்து வெட்டை ஒட்டுத்தாளால் மூடினால்தான் எழுத முடியாது. இதில் குழம்பியவர்கள் பலர். அடுத்து, வட்டில் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பூஞ்சை பிடித்த வட்டு தன் காந்தப்பூச்சை உதிர்த்து இயக்கியின் தலையில் அப்பிவிடும், அந்தத் தலை அடுத்து இடப்படும் நல்ல வட்டையும் கீறிவிடும்.

வட்டைப் படிப்பதிலும் இரண்டு வழிகள் உண்டு. சாதாரண இயக்கி தனக்குத் தெரிந்த வடிவில் மட்டுமே தரவைப் புரிந்துகொள்ளும். பிழை வந்தால் நின்றுவிடும். கிரையோஃபிளக்ஸ், கிரீஸ்வீசில் போன்ற கருவிகள் எதையும் புரிந்துகொள்ள முயலாமல், காந்தப்புலம் திசைமாறும் ஒவ்வோர் இடத்துக்கும் இடைப்பட்ட நேரத்தை அப்படியே பதிவுசெய்கின்றன. பொருள் காண்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வட்டு சிதைவதற்குள் அதன் மேற்பரப்பைப் படியெடுத்தாகிவிட்டது என்பதுதான் முக்கியம். 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' விளையாட்டின் ஆப்பிள் 2 மூலநிரல் இவ்வாறுதான் மீண்டது. அதை உருவாக்கிய ஜோர்டன் மெக்னரின் தந்தை 2012-இல் ஒரு பெட்டியில் மூன்றரை அங்குல வட்டுகளைக் கண்டெடுத்தார். ஜேசன் ஸ்காட், டோனி டயஸ் ஆகியோர் 'டிஸ்க்ஃபெரட்' என்ற இதே வகைக் கருவியுடன் வந்து படித்துக் கொடுத்தார்கள். அது வெளிவந்த விளையாட்டுதான், ஆனால் வழிமுறை வெளிவராதவற்றுக்கும் அதுவே.

முழு வட்டையும் படியெடுப்பதில் இன்னொரு பயனும் உண்டு. கோப்பை அழித்தால் பெரும்பாலும் பட்டியலில் இருந்து பெயர்தான் போகும்; உள்ளடக்கம் அடுத்த எழுத்து அதன்மேல் விழும்வரை வட்டிலேயே கிடக்கும். கோப்புகளை மட்டும் நகலெடுத்தவருக்கு அது கிடைக்காது. கேசட்டுக்கும் இதே அறிவுரைதான்: இருபக்கத்தையும் கடைசிவரை ஓடவிட்டு, எம்பி3 ஆக்காமல், சுருக்கப்படாத ஒலிக்கோப்பாகவே பதிவுசெய்யுங்கள். சுருக்கும்போது காதுக்குத் தெரியாதது என்று தூக்கி எறியப்படுவதும் கணினிக்குத் தேவைப்படக்கூடும். வட்டின் ஒட்டுத்தாளில் இருக்கும் கையெழுத்தையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நிரல்நேயன் எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஒரு துணைக்கேள்வி. வட்டு ஒன்று கிடைத்து, அதன் கோப்புகளில் தேதியும் இருந்தால், அந்தத் தேதியை விளையாட்டின் தேதியாக எழுதிவிடலாம் அல்லவா? இதழ்களில் வந்த முன்னோட்டங்களின் தேதியையும் அப்படியே கொள்ளலாமா?

காந்தநாடா எழுதியது:

கோப்புத்தேதி அந்தக் கணினியின் கடிகாரம் சொன்ன தேதி மட்டுமே. தொடக்ககால ஐபிஎம் வகைக் கணினிகளில் மின்கலக் கடிகாரமே இல்லை. தேதியைக் கேட்கும்போது யாரும் தட்டச்சு செய்யாவிட்டால் டாஸ் இயக்குதளம் தன் தொடக்கநாளான 1980 ஜனவரி 1 என்பதையே எழுதிவைக்கும். அந்த நாளில் பிறந்த கோப்புகளை நம்பினால், உலகின் பாதி மென்பொருள் ஒரே புத்தாண்டுக் காலையில் எழுதப்பட்டது என்று ஆகும்.

பழைய இதழ் எழுதியது:

இதழ்களின் தேதியும் அப்படித்தான். பிரிட்டிஷ் கணினி இதழ்களின் அட்டையில் உள்ள மாதத்துக்கு முன்பே இதழ் கடைக்கு வந்துவிடும். செய்தி எழுதப்பட்டது அதற்கும் சில வாரங்களுக்கு முன். ஆகவே ஆகஸ்ட் இதழில் 'விரைவில் வருகிறது' என்று ஒரு விளையாட்டைப் பார்த்தால், ஆகஸ்டில் அது உயிரோடு இருந்தது என்று எழுதாதீர்கள். இமேஜின் வீழ்ச்சியில் இது நேரடியாகக் குழப்பும், ஏனெனில் ஜூலையில் நிறுவனம் இல்லாமற்போன பின்பும் விளம்பரங்கள் அச்சில் இருந்தன.

உரிமைப்பத்திரம் எழுதியது:

சட்டப்பக்கத்தை யாரும் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன். வட்டு ஒருவருடைய கையில் இருப்பதும், அதில் உள்ள விளையாட்டின் பதிப்புரிமை அவரிடம் இருப்பதும் வேறுவேறு. நிரலாளர் தம் வீட்டில் வைத்திருந்த வட்டை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாம். ஊழியராக இருந்து எழுதியிருந்தால், அதன் உரிமை பொதுவாக நிறுவனத்துக்கோ, அந்நிறுவனத்தை வாங்கியவருக்கோ, அவரிடமிருந்து வாங்கிய இன்னொருவருக்கோ போயிருக்கும். அமெரிக்கச் சட்டத்தில் இதற்கு ஒரு விசித்திர விளைவு உண்டு. நிறுவனத்துக்காக ஊழியர் உருவாக்கிய படைப்புக்கு, வெளியிட்ட நாளிலிருந்து 95 ஆண்டுகள் அல்லது உருவாக்கிய நாளிலிருந்து 120 ஆண்டுகள், எது முந்தியதோ அதுவரை பாதுகாப்பு. வெளியிடவே இல்லையென்றால் 95 என்ற கணக்கே எழாது. ஆக, கடைக்கு வந்த விளையாட்டைவிடக் கைவிடப்பட்ட விளையாட்டு நீண்டகாலம் பூட்டிக்கிடக்கும்.

இதற்குள்ளும் நேர்மையாகச் செயல்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஜான் கார்மாக், டாம் ஹால், ஜான் ரொமேரோ உள்ளிட்ட குழு 1990-இல் நின்டெண்டோவின் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3' விளையாட்டைச் சாதாரணக் கணினியில் ஓடச் செய்து காட்டியது. நின்டெண்டோ மறுத்துவிட்டது, அதே உத்தி அவ்வாண்டு டிசம்பரில் 'கமாண்டர் கீன்' ஆக வெளிவந்தது. அந்த மாதிரியின் பிளாப்பி ஒன்று 2021-இல் அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரில் உள்ள 'தி ஸ்ட்ராங்' அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அருங்காட்சியகத்தில் இருப்பது வேறு, எல்லோரும் பதிவிறக்கும்படி இருப்பது வேறு என்பதற்கும் இது சான்று. இன்னொன்று, நிரலாளர் கிறிஸ் ஒபர்த் எழுதி வெளிவராமற்போன 'டேஸ் ஆஃப் தண்டர்' என்ற நின்டெண்டோ விளையாட்டு. அவர் 2012-இல் காலமானார். அவரது வட்டுகளில் இருந்த மூலநிரலிலிருந்து, குடும்பத்தாரின் இசைவுடன், 'வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்' 2020-இல் அதை மீட்டெடுத்தது.

அதே அமைப்பு 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடையில் கிடைப்பதில்லை. விற்பனைக்கு வந்தவற்றின் கதியே இது. நூலகங்கள் தம் சேகரிப்பில் உள்ள பழைய விளையாட்டுகளை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்தே திறந்துகாட்ட விதிவிலக்குக் கேட்டபோது, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது. ஆகவே நிரல்நேயன் அவர்களே, உங்கள் கட்டுரையில் பதிவிறக்கச் சுட்டி எதையும் தராதீர்கள்; விவரித்து எழுதுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

பழைய இதழ் எழுதியது:

விவரித்து எழுதுவதே மீட்புக்கு வழியாகலாம் என்பதற்கு ஒரு நிகழ்வு. மேக்சிஸ் நிறுவனத்தின் ஒரு பிரிவு, ஷெவ்ரான் எண்ணெய் நிறுவனத்துக்காக 1990களின் தொடக்கத்தில் 'சிம்ரிஃபைனரி' என்ற சுத்திகரிப்பு ஆலைப் பாவனை விளையாட்டை உருவாக்கியது. அது பொது விற்பனைக்கு வந்ததே இல்லை. பெயரைக் கேள்விப்பட்டவர்கள் உண்டு, பார்த்தவர்கள் அரிது. பில் சால்வடோர் என்ற ஆய்வாளர் 2020 மே மாதம் அந்தப் பிரிவின் வரலாற்றை, கையில் பிரதி எதுவும் இல்லாமலே, நேர்காணல்களையும் ஆவணங்களையும் கொண்டு விரிவாக எழுதினார். அதைப் பற்றிய செய்தியைப் படித்த ஒருவர், வேதிப்பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற தம் நண்பரிடம் ஒரு வட்டு இருப்பதாகச் சொன்னார்; அடுத்த மாதமே அது இணைய ஆவணக்காப்பகத்தில் ஏறிவிட்டது. 'பிரதி இல்லாமல் வரலாறு எழுதலாமா' என்று நீங்கள் கேட்டீர்களே, இங்கே வரலாறுதான் பிரதியை வரவழைத்தது.

கசிவுகளை மட்டும் சற்றுத் தள்ளி வைத்துப் பாருங்கள். 1997-இல் அறிவிக்கப்பட்டு 2011-இல் வெளிவந்த 'டியூக் நியூக்கம் ஃபாரெவர்' விளையாட்டின் 2001-ஆம் ஆண்டு வடிவம் 2022-இல் கசிந்தது. அந்த வடிவம் மெய்யானது என்பதில் ஐயமில்லை. அதை உருவாக்கிய 3டி ரெல்ம்ஸ் நிறுவனத்தில் பணியாற்றியவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஆனால் யாருடைய கையிலிருந்து, எந்த ஊடகத்திலிருந்து, வேறு என்னென்ன கோப்புகளுடன் வந்தது என்ற தொடர்ச்சி கசிவில் அறுந்துவிடுகிறது. பெயரற்ற கோப்பாக ஒன்று கிடைத்தால், அதற்குப் பின்னர் ரசிகர்கள் கைவைத்துத் திருத்தினார்களா என்பதையும் பார்த்தாக வேண்டும். 'ஸ்டார் ஃபாக்ஸ் 2' நல்ல எச்சரிக்கை: முடிக்கப்பட்டும் 1990களில் கைவிடப்பட்ட அதன் முன்மாதிரிகள் பல ஆண்டுகள் சுற்றில் இருந்தன, ரசிகர்கள் அவற்றை மொழிபெயர்த்துச் செப்பனிட்டு விளையாடினார்கள், 2017-இல் நின்டெண்டோவே இறுதி வடிவத்தை வெளியிட்டபோது, சுற்றில் இருந்தது அதுவன்று என்று தெரிந்தது.

நிரல்நேயன் எழுதியது:

முதற்பத்தியை இப்படி மாற்றியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

'பேண்டர்ஸ்னாட்ச் என்பது இமேஜின் சாப்ட்வேர் 1984-இல் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினிக்காக விளம்பரம் செய்த விளையாட்டு. கூடுதல் வன்பொருளுடன் விற்கத் திட்டமிடப்பட்ட அதன் பணி தொடங்கியது. 1984 ஜூலையில் நிறுவனம் கலைக்கப்பட்டபோது முடிந்திருக்கவில்லை. அதில் உழைத்தவர்கள் சிலர் பின்னர் சிக்னோசிஸ் நிறுவனத்தில் உருவாக்கிய பிரட்டாக்கஸ் அதன் வழித்தோன்றலாகக் கருதப்படுகிறது. ஸ்பெக்ட்ரம் வடிவத்தின் பிரதி எதுவும் இல்லை.'

காந்தநாடா எழுதியது:

கடைசி வரியை மட்டும் மாற்றுங்கள். 'இல்லை' என்று எழுதினால், பரணில் ஒரு பெட்டியை வைத்திருப்பவர் அதைத் தூக்கிப்போட்டுவிடுவார். 'இதுவரை கண்டெடுக்கப்படவில்லை' என்று எழுதி, எந்தெந்தப் பட்டியல்களை எந்த மாதம் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

நிரல்நேயன் எழுதியது:

மாற்றிவிட்டேன், ஐயா. 'சைக்லாப்ஸ்' விளையாட்டைத் தனிக்கட்டுரை ஆக்காமல் இதிலேயே ஒரு பத்தியாகச் சேர்த்துவிடுகிறேன். காகிதத்தைத் தாண்டாத ஒன்றுக்கு அதற்கு மேல் எழுத என்னிடம் எதுவுமில்லை.